அடர்ந்த கூந்தலும் அடங்காத பேனும்



கெடா மாநிலத்தில் ஜெராய் மலைக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிறது எங்கள் யான். வகுப்பில் செய்யுள் பாடம் நடக்கும்போது 'யான்' என்ற சொல் வந்துவிட்டால் போதும், "டீச்சர், நம்ம ஊரு!" என்று பிள்ளைகள் கைதட்டிச் சிரிப்பார்கள். பழந்தமிழில் யான் என்றால் நான் என்று பொருள் சொல்லி அடக்குவோம். ஆனால் இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட காரியத்தில் 'யான்' உதவாது; 'நாம்' என்றால்தான் காரியம் ஆகும். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

பேச்சு பேனைப் பற்றியது. இப்படிச் சொன்னதும் சில வீடுகளில் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்திருப்பார்கள். ஒரே சுவரை இரண்டு குடும்பம் பங்கிட்டுக்கொள்ளும் லயத்து வீடுகளில் பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமே என்ற கூச்சம். சத்தத்தைக் கூட்டியே வையுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தலையிலும் பேன் இருக்கலாம், அவர்களும் கேட்கட்டும்.

முதலில் எங்கள் தவற்றைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். இடுப்பு வரைக்கும் முடி. கையில் பிடித்தால் ஒரு பிடிக்குள் அடங்காது. இரட்டைச் சடை பின்னி, ரிப்பன் கட்டி, பாட்டி அனுப்பிவைப்பார். அந்தத் தலையில் பேன் ஊர்வதைப் பக்கத்துப் பிள்ளை பார்த்துக் கத்திவிட்டது. வகுப்பே சிரித்தது. நாங்கள் என்ன செய்தோம்? மற்றப் பிள்ளைகளுக்கு ஒட்டாமல் இருக்கட்டும் என்று அவளைக் கடைசி வரிசையில் தனியாக உட்கார வைத்தோம். அப்போது அது சரியான ஏற்பாடு என்றே நினைத்தோம். மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு அடுத்த மூன்று நாட்களும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை, பள்ளி விடுமுறை. நாங்கள் இரண்டு ஆசிரியைகளும் அவள் வீட்டுக்குப் போனோம். தாயார் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை பார்ப்பவர். நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"மூணு தடவ மருந்து வாங்கிப் போட்டாச்சு டீச்சர். போட்டா ஒரு வாரம் நல்லா இருக்கு. மறுபடியும் வந்திருது. அவ அப்பா நாளைக்கு மொட்டை போட்டுறலாம்னு சொல்லிட்டாரு."

பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். சடை இரண்டையும் முன்னால் போட்டு, கைகளால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நம் குடும்பங்களில் முடி இறக்குவது புதிதல்ல. தைப்பூசத்துக்கு வேண்டிக்கொண்டு பிள்ளைகளுக்கு மொட்டை போட்டு, சந்தனம் பூசி, தெருவெல்லாம் பெருமையாக அழைத்து வருகிறோம். அது காணிக்கை. ஒன்பது வயதுப் பெண்பிள்ளைக்குப் பேனுக்காகப் போடும் மொட்டை வேறு. ஞாயிற்றுக்கிழமை அந்தத் தலையோடு அவள் வகுப்புக்குள் நுழைய வேண்டுமே. மொட்டை அடித்தால் பேன் போகும் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அவள் யார் பக்கத்தில் படுக்கிறாளோ அவர்கள் தலையில் பேன் இருந்தால், முடி முளைக்க முளைக்கப் பேனும் திரும்ப வரும். மொட்டையும் வீண், அழுகையும் வீண்.

ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? இதைப் புரிந்துகொள்ளப் பேனின் பிழைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வளர்ந்த பேன் ஓர் எள்ளின் அளவு. அதற்கு இறக்கை இல்லை, பறக்காது. தெள்ளுப்பூச்சியைப் போலக் குதிக்கவும் தெரியாது. ஆறு கால்களிலும் கொக்கிபோல நகம். மயிரைப் பற்றிக்கொண்டு ஊர மட்டுமே தெரியும். ஒரு தலை இன்னொரு தலையைத் தொடும்போது இந்த மயிரிலிருந்து அந்த மயிருக்கு ஏறிவிடும். பெண்பேன் நாளொன்றுக்கு ஏழெட்டு ஈர் வரை இடும். ஈரை மயிரின் அடியில் பசை வைத்து ஒட்டிவிடும். அந்தப் பசை தண்ணீருக்கும் கரையாது, ஷாம்புவுக்கும் கரையாது. ஏழு முதல் பத்து நாளில் ஈர் பொரிக்கும். வெளியே வரும் குஞ்சுப் பேன் மேலும் ஏழு முதல் பத்து நாளில் வளர்ந்து, தானும் ஈர் இடத் தொடங்கும். தலையில் இருக்கும்வரை பேனின் ஆயுள் ஏறக்குறைய ஒரு மாதம். தலையை விட்டு விழுந்தால் இரத்தம் கிடைக்காமல் ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும்.

இந்தக் கணக்கைத் தாய்மார்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மருந்து போடுகிறீர்கள். ஊரும் பேன் சாகிறது. பெரும்பாலான மருந்துகள் ஈர் எல்லாவற்றையும் கொல்வதில்லை. ஒரு வாரம் நிம்மதி. பிறகு மிச்சம் இருந்த ஈர் பொரிக்கிறது. "மருந்து சரியில்லை" என்கிறோம். மருந்து தன் பாதி வேலையைச் செய்தது. மீதிப் பாதியைச் செய்ய நாம் நாள் குறித்து வைக்கவில்லை. ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது என்று நம் பெரியவர்கள் சொல்வது வீண் பேச்சை வளர்ப்பவர்களைப் பற்றி. பேன் விஷயத்தில் அந்தப் பழமொழியின் முதல் பாதி அப்படியே நடக்கிறது.

அந்த வீட்டில் இன்னொரு காரணமும் இருந்தது. பிள்ளை இரவில் யாரோடு படுப்பாள் என்று கேட்டோம். பாட்டியோடு. பாட்டியின் தலையைப் பார்க்கலாமா என்றோம். பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது.

"என் தலையிலயா? எனக்கு ஒரு அரிப்பும் இல்லியேம்மா!"

அரிப்பு இல்லை என்பதால் பேன் இல்லை என்று சொல்ல முடியாது. பேன் கடிக்கும்போது அதன் உமிழ்நீர் நம் தோலுக்கு ஒவ்வாமல் போவதால் வருவதே அரிப்பு. முதன்முறை பேன் ஏறியவருக்கு நான்கு முதல் ஆறு வாரம் வரைக்கும் அரிப்பே தெரியாமல் இருக்கலாம். சிலருக்குக் கடைசிவரை தெரிவதில்லை. பாட்டியை நயமாகச் சம்மதிக்க வைத்து, வாசற்படியில் வெளிச்சத்தில் உட்கார்த்தி, வெள்ளைத் துணியை விரித்துச் சீவினோம். பதினேழு விழுந்தன. பாட்டி துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய், தம்பிப் பயலையும் கையோடு இழுத்து வந்து உட்கார வைத்தார். கட்டை முடிதான்; அவன் தலையிலும் நான்கு இருந்தன. மூன்று தடவையும் மருந்து போட்டது அந்தப் பெண்ணுக்கு மட்டும்தான்.

இந்த இடத்தில் சுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குளிக்காத பிள்ளைக்குத்தான் பேன் வரும் என்று நாம் நினைக்கிறோம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். அது தவறு. பேனுக்குத் தேவை இரத்தமும் சூடும்; அழுக்கு அதற்குத் தேவையில்லை. தினமும் குளிக்கும் தலையில் மயிரைப் பற்றிக்கொண்டு, மூச்சுத் துளைகளை மூடிக்கொண்டு, பல மணி நேரம் தண்ணீரில் தாக்குப் பிடிக்கும். பணக்கார வீட்டிலும் பேன் உண்டு, பட்டணத்திலும் உண்டு. சுத்தம் குறைந்ததாலா வந்தது என்று ஒரு தாயை நோகவைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. தலைப்பேன் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நோயையும் பரப்புவதில்லை. தூக்கத்தைக் கெடுக்கும், பாடத்தில் கவனத்தைக் கெடுக்கும், சொறிந்த இடம் புண்ணாகும். அதற்குத்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

இனி, செய்யக் கூடாதவற்றைச் சொல்கிறோம். இவை உயிரோடு விளையாடும் காரியங்கள்.

மண்ணெண்ணெய். தோட்டங்களில் ஒரு காலத்தில் இல்லாத வீடு இல்லை. 1984இல் சிலாங்கூர், கிள்ளான் பகுதிக் கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகளின் பேன்களை வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. மருந்துகளோடு மண்ணெண்ணெயையும் சேர்த்துத்தான் சோதித்துப் பார்த்தார்கள். அந்த அளவுக்கு அது நம் நாட்டில் வழக்கம். ஆனால் மண்ணெண்ணெய் தலைத்தோலைச் சுட்டுப் புண்ணாக்கும். வாயில் பட்டு மூச்சுக்குழலுக்குள் போனால் நுரையீரலைக் கெடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, மண்ணெண்ணெய் தடவிய தலையோடு பிள்ளை அடுப்புப் பக்கமோ சாமி விளக்குப் பக்கமோ போனால் என்ன ஆகும் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

கொசுவுக்கும் கரப்பான் பூச்சிக்கும் அடிக்கும் டின் மருந்தைத் தலையில் அடிப்பவர்கள் உண்டு. தோட்டத்து ஸ்டோரில் இருந்து கொஞ்சம் பூச்சிமருந்தைப் போத்தலில் ஊற்றிக்கொண்டு வருபவர்களும் உண்டு. சொறிந்து தோல் கிழிந்த தலை நஞ்சை உறிஞ்சிக்கொள்ளும். அந்தப் போத்தல் வீட்டிலேயே இருந்து, அதைச் சின்னப் பிள்ளை எடுத்துக் குடித்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. வேண்டவே வேண்டாம்.

சீத்தாப்பழ விதையை அரைத்துப் பூசுவது நம் பாட்டிமார் கைவைத்தியம். அது பேனைக் கொல்லும் என்பது மெய். தாய்லாந்தில் அதைக் களிம்பாக்கிச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பொடி கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கிவிடும். பொடியைத் தலையில் தேய்த்துவிட்டுக் குளிக்கும்போது கண்ணில் வழிந்து, எரிச்சலும் பார்வை மங்கலுமாக ஓடி வந்தவர்களைப் பற்றி இந்தியக் கண் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். பேனுக்குப் பயந்து கண்ணைக் கொடுப்பதா?

வேப்பெண்ணெயைப் பற்றிக் கேட்பீர்கள். தலையில் தடவுவதால் பெரிய கெடுதல் இல்லை, வாடைதான் தாங்காது. ஆனால் அந்தப் போத்தலைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். கைக்குழந்தைக்குச் சளி என்றும் வயிறு சரியில்லை என்றும் யாரும் அதை வாயில் ஊற்றவும் கூடாது. 1981இல் நம் நாட்டு மருத்துவர்களான சின்னையாவும் பாஸ்கரனும், வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட குழந்தைகள் வாந்தியும் மயக்கமுமாக, ஈரலும் மூளையும் பாதிக்கப்பட்டு மருத்துவமனைக்கு வந்ததைப் பற்றி லண்டனில் இருந்து வெளிவரும் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். அது நம் வீடுகளில் நடந்த காரியம்.

சரி, எதைத்தான் செய்வது? சீப்பு. உலோகத்தால் ஆன, பல் நெருக்கமான பேன் சீப்பு. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு மயிர் மட்டும் நுழையும் இடைவெளி இருந்தால் போதும். பிளாஸ்டிக் சீப்பு அடர்ந்த முடியில் பல் விரிந்து பேனைத் தப்பவிடும். கூடக் கொஞ்சம் காசு போனாலும் இரும்புச் சீப்பாக வாங்குங்கள்.

சீப்பைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். இஸ்ரேல் நாட்டில் லாக்கீஷ் என்னும் பழைய நகரத்து மேட்டைத் தோண்டியபோது 2016இல் யானைத் தந்தத்தால் ஆன ஒரு சிறு சீப்பு கிடைத்தது. ஏறக்குறைய 3,700 ஆண்டுப் பழையது. ஒரு பக்கம் சிக்கு எடுக்கப் பெரிய பல், மறுபக்கம் பேன் எடுக்கச் சின்னப் பல். நம் பாட்டி வீட்டு இருபக்கச் சீப்பு மாதிரியே. அதில் கீறியிருந்த எழுத்துகளைப் படித்து 2022இல் வெளியிட்டார்கள். தலைமுடியிலும் தாடியிலும் உள்ள பேனை இந்தத் தந்தம் ஒழிக்கட்டும் என்ற வேண்டுதல் அது. அகர வரிசை எழுத்தில் மனிதன் எழுதியதாக இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழைய முழு வாக்கியம் அதுதானாம். எழுத்துச் சொல்லிக் கொடுத்துப் பிழைக்கும் எங்களுக்கு இதைக் கேட்டுச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் ஆறுதலும் வந்தது.

இப்போது நாள்கணக்கு. பெண்பிள்ளைகளுக்குச் செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய்க் குளியல் என்பது நம் வீட்டு வழக்கம். கெடாவில் வெள்ளிக்கிழமை விடுமுறையாகவும் இருக்கிறது. இந்த வழக்கத்தையே பிடித்துக்கொள்ளுங்கள். வெள்ளி, செவ்வாய், வெள்ளி, செவ்வாய், வெள்ளி என்று ஐந்து முறை, மொத்தம் பதினைந்து நாள். முதல் நாளில் ஒட்டியிருந்த ஈர் எல்லாம் இந்தப் பதினைந்து நாளுக்குள் பொரித்துவிடும். நடுவில் மூன்று நான்கு நாளைக்கு ஒரு முறை சீவுவதால், பொரித்த குஞ்சு வளர்ந்து புதிய ஈர் இடுவதற்கு முன்பே சீப்பில் வந்துவிடும். இடையில் ஒரு நாளை விட்டுவிட்டால் கணக்கு முறிந்துபோகும். மீண்டும் முதலில் இருந்து தொடங்க வேண்டியதுதான்.

அடர்ந்த முடியைச் சீவுவதற்குப் பொறுமை வேண்டும். தலையை அலசித் துவட்டி, ஈரம் இருக்கும்போதே தேங்காய் எண்ணெயையோ, கடையில் விற்கும் முடிக் கண்டிஷனரையோ வேர் முதல் நுனி வரைக்கும் தாராளமாகத் தடவுங்கள். வழுக்கலில் பேன் வேகமாக ஓட முடியாது. சீப்பும் இழுத்து வலிக்காது. எண்ணெய் மட்டுமே பேனைக் கொன்றுவிடும் என்று நம்பி நிறுத்திவிடாதீர்கள்; அது சீப்புக்குத் துணை, அவ்வளவுதான். முதலில் பெரிய பல் சீப்பால் சிக்கை எடுங்கள். பிறகு உச்சி வகிடு ஒன்று, காதிலிருந்து காதுக்கு ஒன்று எடுத்து, முடியை நான்கு பாகமாக்கிக் கிளிப் போட்டு நிறுத்துங்கள். ஒரு பாகத்தைப் பிரித்து, அதில் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் முடியை எடுங்கள். பேன் சீப்பைத் தலைத்தோலில் படும்படி வைத்து, நுனிவரை ஒரே இழுப்பாக இழுங்கள். ஒவ்வோர் இழுப்புக்கும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். அதே கற்றையை மேலிருந்தும் அடியிலிருந்தும் சீவிய பிறகே அடுத்த கற்றை. சீவி முடித்ததை முறுக்கிக் கிளிப் போட்டு ஒதுக்கிவிடுங்கள். சீவாததோடு கலக்க வேண்டாம்.

காதுக்குப் பின்புறமும் பிடரியும் பேனின் அந்தப்புரம். அங்கே இரண்டு தடவை கூடுதலாகச் சீவுங்கள். ஈர் பெரும்பாலும் தலைத்தோலை ஒட்டியே இருக்கும். நம் ஊர் வெக்கையில் கொஞ்சம் கீழேயும் இட்டிருக்கும் என்பதால், நுனிவரை சீவுவது நல்லது. வெள்ளைவெளேர் என்று தெரிவது பெரும்பாலும் பொரித்துப்போன வெறும் கூடு. அதைக் கண்டு பயந்து மருந்து ஊற்ற வேண்டாம். ஊரும் பேன் ஒன்றையாவது கண்ணால் பார்த்த பிறகே பேன் இருக்கிறது என்று முடிவு செய்ய வேண்டும்.

நல்ல அடர்த்தியான தலைக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். வேலைவிட்டு வந்த தாய்க்கு ஒரு மணி நேரம் என்பது எவ்வளவு பெரியது என்று எங்களுக்குத் தெரியும். ஆகவே தந்தைமார்களே, இங்கேதான் உங்களையும் சேர்த்துக் கூப்பிடுகிறோம். விளக்குப் பிடிக்கலாம், துணியைத் துடைத்துக் கொடுக்கலாம், சின்னவன் தலையை நீங்களே சீவலாம். முன்பெல்லாம் பொழுது சாயும் நேரம் லயத்து வாசற்படியில் ஒருவர் பின்னால் ஒருவராகப் பெண்கள் உட்கார்ந்து பேன் பார்ப்பார்கள். கதையும் நடக்கும், பேனும் நசுங்கும். விரலால் பார்ப்பது கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் பிடிக்கும். குண்டூசித் தலை அளவு குஞ்சுப் பேன் ஓடி ஒளிந்துவிடும். அதே வாசற்படியில் அதே வரிசை இருக்கட்டும். கையில் சீப்பும் இருக்கட்டும்.

சீப்பு மட்டும் போதாது, மருந்தும் வேண்டும் என்றால், அரசாங்க கிளினிக்கிலோ மருந்துக் கடையிலோ பேனுக்கென்றே உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். பெர்மெத்ரின் 1 விழுக்காடு என்றால், கண்டிஷனர் போடாமல் அலசித் துவட்டிய ஈரத்தலையில் தடவி, பத்து நிமிடம் வைத்து அலசுவது வழக்கம். அன்று எண்ணெய் கூடாது. முதல் மருந்து வெள்ளிக்கிழமை என்றால், அடுத்தது ஒன்பதாம் நாளான சனிக்கிழமை. இரண்டாவது முறையை மறக்கவே கூடாது. உலகத்தின் பல பகுதிகளில் பேன்கள் இந்த மருந்துக்குப் பழகிப்போய்விட்டன. முறைப்படி இரண்டு தடவை போட்டும் உயிருள்ள பேன் ஓடினால், மருந்தின் அளவைக் கூட்டாதீர்கள். வேறு மருந்து கேளுங்கள். டைமெத்திகோன் என்று ஒன்று இருக்கிறது. நஞ்சு அல்ல, பேனை மூடிப் பூசி அடைத்துக் கொல்வது. அதையும் ஒரு வாரம் விட்டு இரண்டாம் முறை போட வேண்டும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் டாக்டரையோ நர்ஸையோ கேட்காமல் எதையும் போடாதீர்கள். தலையில் சீழ்ப்புண் இருந்தாலும், காதுக்குப் பின்னால் நெறி கட்டியிருந்தாலும், காய்ச்சல் இருந்தாலும் முதலில் கிளினிக்குக்குத்தான் போக வேண்டும்.

வீட்டைப் புரட்டிப்போட்டுக் கழுவ வேண்டியதில்லை. தலையணை உறை, துண்டு, படுக்கை விரிப்பு ஆகியவற்றைச் சுடுநீரில் அலசி வெயிலில் காயப்போட்டால் போதும். சீப்புகளைக் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு எடுங்கள். வீட்டுக்குள் பூச்சிமருந்து அடிக்கத் தேவையே இல்லை. பெண்பிள்ளையின் முடியைப் பின்னிக் கட்டியே பள்ளிக்கு அனுப்புங்கள். இன்னொன்று: ஒரே கைப்பேசிக்குள் நான்கு பிள்ளைகள் தலையை முட்டிக்கொண்டு படம் பார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். பேனுக்கு அதைவிட நல்ல பாலம் ஏது?

வீட்டில் இருக்கும் எல்லாத் தலையையும் அதே வெள்ளிக்கிழமை பாருங்கள். பேன் இருக்கும் தலைகளுக்கெல்லாம் அன்றே தொடங்குங்கள். பாட்டி, தம்பி, லீவுக்கு வந்த அத்தை மகள் எல்லோரும் அதில் சேர்த்தி. பக்கத்து வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள். சொல்வதற்குக் கூச்சமாகத்தான் இருக்கும். "எங்க பிள்ளைக்குப் பேன் இருக்குக்கா, உங்க பிள்ளையையும் ஒரு தடவ பாத்திருங்க" என்று நம் வீட்டில் இருந்து தொடங்கினால் யாருக்கும் கோபம் வராது.

பள்ளியைப் பொறுத்தவரை, பேனுக்காகப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பத் தேவையில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022இல் வெளியிட்ட அறிக்கையிலும் சொல்லியிருக்கிறது. பேன் கண்ணில் படும்போது அது தலைக்கு வந்து பெரும்பாலும் ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் விலக்கி வைத்து என்ன ஆகப்போகிறது? நாங்கள் கடைசி வரிசையில் உட்கார வைத்தது யாருக்கும் பயன்படவில்லை.

அந்தப் பிள்ளையின் அப்பாவிடம் பதினைந்து நாள் தவணை கேட்டோம். "பதினஞ்சு நாள்தான் டீச்சர்" என்றார். அவள் தன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று கட்டம் போட்டாள். பாட்டி, நான், தம்பி. துணியில் விழுந்ததை எண்ணி எண்ணி எழுதினாள். அவள் கட்டத்தில் முதல் வெள்ளி 41, செவ்வாய் 12, அடுத்த வெள்ளி 9. அந்த ஒன்பதும் குஞ்சுகள். அடுத்த செவ்வாய் 1. பாட்டியின் கட்டத்தில் நடுவில் ஒரு செவ்வாய் காலியாக இருந்தது, கோயிலுக்குப் போய்விட்டாராம். அதனால் பாட்டிக்கு மட்டும் மறுபடி முதலில் இருந்து தொடங்கினார்கள். பேத்திதான் சீவிவிட்டாள், கண்டிப்பான டாக்டர் என்று பாட்டி எங்களிடம் முறையிட்டார். அதுவரை அவளைத் தாயோடு படுக்க வைத்தார்கள். தாயின் தலையையும் பார்த்துவிட்டுத்தான்.

மூன்றாவது வெள்ளி கழிந்து ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் அந்த நோட்டைக் கொண்டுவந்து எங்கள் மேசையில் விரித்து வைத்தாள். கடைசி வரியில் அவளுக்கும் தம்பிக்கும் சுழி. நாங்கள் அந்தச் சுழிகளுக்குப் பக்கத்தில் சிவப்பு மையால் சரி போட்டுக் கொடுத்தோம். சடையை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, வாங்கிக்கொண்டு போனாள். முதல் வெள்ளிக்கு அடுத்த ஞாயிறே அவளை இரண்டாம் வரிசைக்கு மாற்றிவிட்டிருந்தோம். அவளுடைய பழைய இடம் அதுதான்.

இன்று என்ன கிழமை என்று பார்த்துக்கொள்ளுங்கள். வருகிற வெள்ளிக்கு முன்பே ஒரு நல்ல சீப்பை வாங்கி வைத்துவிடலாம்.